பத்தாவது தட்டு

அந்தத் தெருவில் எந்த வீட்டில் பால் காய்ச்சினாலும் கலையரசி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுவாள். வாழை மரம் கட்டி, ஐயர் வந்து புகை போட்டு, பசுவையும் கன்றையும் வழவழத் தரையில் வழுக்க வழுக்க இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றால், பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளையோ மூன்று பிள்ளையோ குறையப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். கட்டுகிற வரைக்கும் அந்த வீட்டின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கிடந்த குடும்பம், பால் காய்ச்சிய மறுநாள் சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேறு வீடு கட்டப் போய்விடும். அவர்களுடைய பிள்ளைகள்தான் அந்த நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல். வீடுகள் முடிய முடியப் பள்ளிக்கூடம் தேய்ந்துகொண்டே வந்தது.

கலையரசி அங்கே சத்துணவு சமைப்பவள். வயது நாற்பத்திரண்டுதான், ஆனாலும் பிள்ளைகள் எல்லாம் அவளை ஆயா என்றுதான் கூப்பிடும். சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்தால் இருபது வயதுப் பெண்ணும் ஆயாதான். அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் பிழைப்பு நடக்காது.

கள்ளக்குறிச்சியில் அந்தத் தெருவுக்கு மில் தெரு என்று பேர். பேரில் மட்டும்தான் மில் மிச்சம். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் போனாலே நெல் வேகிற வாசனை மூக்கில் ஏறும். சங்கு ஊதியதும் ஆண்கள் மூட்டை தூக்கப் போவார்கள், பெண்கள் களத்தில் வெந்த நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் காயவைப்பார்கள். உச்சி வெயிலில் பாதம் வெந்துபோகும். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தன. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று அண்டாவில் சோறு வடித்திருக்கிறாள் கலையரசி. மில்லை மூடினார்கள். பிறகு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஊருக்குப் புதிது புதிதாக ஆபீஸ் வந்தது, ஆபீசர்கள் வந்தார்கள், காலேஜ் வாத்தியார்கள், பேங்க்காரர்கள் வந்தார்கள். களத்தை அளந்து கல் நட்டு மனையாக்கி, நகர் என்று ஒரு பேரும் வைத்தார்கள். நெல் காய்ந்த இடத்தில் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், வாசலில் படிப்பு போட்ட பெயர்ப்பலகை, பெரிய இரும்பு கேட், கேட்டுக்குப் பின்னால் நாய். மூட்டை தூக்கிகளில் சொந்தமாக அரை சென்ட் இருந்தவன் வந்த விலைக்கு விற்றான், வாடகைக்கு இருந்தவன் வாடகை கட்ட முடியாமல் பைபாஸுக்கு அந்தாண்டை போனான். பழைய ஆட்களில் மிச்சம் நான்கு வீடு. மூன்று அண்டாவில் இரண்டு இப்போது கவிழ்த்தபடி கிடக்கின்றன. பல்லி முட்டையிட ஆயிற்று.

கலையரசி மட்டும் ஏன் போகவில்லை என்றால், அதற்குக் காரணம் சடையன். அவள் புருஷன். மில் மூடுவதற்கு ஒரு வருஷம் முன்னால் நெல் மூட்டை அடுக்குச் சரிந்து மேலே விழுந்ததில் கழுத்தெலும்பு நகர்ந்துவிட்டது. பேச்சு இருக்கிறது, நக்கல் இருக்கிறது, வலது கை விரல்கள் கொஞ்சம் அசையும். மற்றதெல்லாம் மரக்கட்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நூறடி தூரம். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு ஓடி வந்து புரட்டுவாள், குழம்பைத் தாளித்துவிட்டு ஓடி வந்து புரட்டுவாள், பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு ஓடி வந்து புரட்டுவாள். ஒன்பது வருஷமாக இதே ஓட்டம்தான். அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த நூறடி தூரத்தில்தான் சடையன் உயிரோடு இருந்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரமே தலைமையாசிரியை செந்தமிழ்ச்செல்வி சமையல்கூடத்துக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கலையரசி, சொன்னா பதறாத. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தல எண்ண வராங்க. பத்துக்கு ஒண்ணு கம்மியா இருந்தாலும் இந்த வருஷமே மூடி, பைபாஸாண்ட இருக்கற பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க."

"என்ன அங்கயே போட்டுடுவாங்களா டீச்சர்?"

"அங்க ஏற்கனவே ஆள் இருக்குது. உன்ன கிராமத்துப் பக்கம் தான் போடுவாங்க. ஏழு மணி பஸ்ஸுக்குப் போனா சாயங்காலம் அஞ்சு ஆயிடும் வர."

கலையரசி கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"இப்ப எத்தினி பேர் இருக்காங்க டீச்சர்?"

"சரியா பத்து."

பத்து பேரில் பழைய மில் வீட்டுப் பிள்ளைகள் நான்கு. கொட்டகைப் பிள்ளைகள் ஆறு. அந்த ஆறில் நான்கு பேருடைய தாய்தகப்பன் மேஸ்திரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். அவர்கள் வேலை செய்கிற மூன்று மாடிக் கட்டடத்துக்கு இப்போதுதான் இரண்டாவது தளம் போட்டிருந்தார்கள், தீபாவளி வரை பயமில்லை. மீதி இரண்டு, கல்வராயன் மலையிலிருந்து வந்த செல்லியம்மாளின் பிள்ளைகள். நான்காவது படிக்கிற அஜித்குமாரும் இரண்டாவது படிக்கிற தேவதர்ஷினியும். செல்லியம்மாளும் அவள் புருஷன் இருசப்பனும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அன்புச்செல்வன் என்ற ஆபீசர் கட்டுகிற வீட்டில் சித்தாள் வேலையும் பார்த்துக் காவலும் காத்தார்கள். அந்த வீட்டுக்குத்தான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிய பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்றால், அதையும் செய்து பார்த்தாயிற்று. மே மாத வெயிலில் டீச்சரும் அவளும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பாதி வீட்டில் கேட்டையே திறக்கவில்லை. திறந்த ஓர் அம்மா நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "சமையலுக்கு ஆள் வேணும், சாயங்காலம் வரியா?" என்று கலையரசியைக் கேட்டது. பழைய வீட்டுக்காரர்களிடம் போனால் அது இன்னும் மோசம். அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உன் பொண்ணு எங்கம்மா படிக்குது?"

கலையரசியின் மகள் சுபஸ்ரீ நான்காவது படிப்பது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். எல்கேஜியில் குலுக்கல் போட்டபோது இலவச சீட்டில் அவள் பேர் விழுந்தது. எட்டாவது வரைக்கும் ஃபீஸ் கிடையாது. அன்றைக்குச் சடையன் படுத்தபடியே தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னான். இடுப்பில் பெல்ட், கழுத்தில் அட்டை, காலில் ஷூ என்று காலையில் வேனில் ஏறிப் போகிற மகளைப் பார்த்தால் கலையரசிக்கு அன்றைய அடுப்புச் சூடெல்லாம் மறந்துபோகும். வேனில் வருகிற மற்ற பிள்ளைகளிடம் "எங்கம்மா ஸ்கூல்ல வேல பாக்கறாங்க" என்று மட்டும் சுபஸ்ரீ சொல்லி வைத்திருந்தாள். அது கலையரசிக்கும் தெரியும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

டீச்சர் சொன்ன மறுநாளே அவள் எதிர்வீட்டு ஆபீசரைப் பிடித்தாள். அன்புச்செல்வன் நல்ல மனிதர், திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர், யாரிடமும் நின்று பேசுவார்.

"சார், எப்ப சார் பால் காய்ச்சறீங்க?"

"வைகாசியிலயே முடிக்கலாம்னு பாத்தேன், டைல்ஸ்காரன் இழுத்துட்டான். ஆனியில எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க. ஆடியில யாரும்மா காய்ச்சுவாங்க? ஆவணிதான்."

கலையரசிக்குப் போன உயிர் வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஆடிக்குள் வருகிறது. காலண்டரைக் கிழித்துப் பார்க்காமலே விரல் விட்டு எண்ணினாள், ஆடி பதினாறு. அதுவரை அந்த வீட்டில் யாரும் குடி வரமாட்டார்கள், காவலுக்கு இருசப்பன் குடும்பம் இருந்தே ஆகவேண்டும், பிள்ளை இரண்டும் இருக்கும். தெருவில் ஐம்பது வீட்டுக்குப் பால் காய்ச்சிப் பார்த்தவளுக்கு எந்த மாதத்தில் எந்தக் கொட்டகை காலியாகும் என்பது அத்துபடி. அன்று மாலை வெங்கட்ரமணனுக்கு ஒரு கற்பூரம் கூடக் கொளுத்தினாள். அவள் கணக்கில் ஓட்டை இருந்தது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆடி பிறந்தது. மூன்றாம் நாள் ராத்திரி நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. கலையரசி காய் நறுக்கிக்கொண்டே எதிரே பார்த்தாள். கொட்டகையில் புகை இல்லை. கொடியில் துணி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எட்டுப் பிள்ளைகள்தான் வந்தன. எதிர்வீட்டு மதிலுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். சின்னப்பொண்ணு அந்தத் தெருவில் மிச்சமிருக்கிற இன்னொரு மில்காரி, இப்போது மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"யக்கா, செல்லி எங்கக்கா?"

"உனுக்குத் தெரியாதா? விடியகாலம் மொத பஸ்ஸுக்கே மலைக்குப் பூட்டாங்க. மழ பேஞ்சிடுச்சில்ல, சாம வெதைக்கணுமாம். காவலுக்கு அவுங்க மாமன ஒருத்தன உட்டுட்டுப் போயிருக்காங்க."

"பசங்க?"

"பசங்களயும்தான் இட்டுக்கினு போயிட்டாங்க. ஆடி மழைக்கு வெதைக்காம வேற எப்ப வெதைப்பாங்க? நீயி இன்னா புதுசா கேக்கற?"

கலையரசி பிறந்தது களமருதூர். கல்யாணம் ஆகிற வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்றுப் பறித்தவள், ஆடி பிறந்தால் வீட்டில் ஓர் ஆளும் இருக்காது, மழையைப் பார்த்ததும் அவள் அம்மா அடுப்பில் இருக்கிற களியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். அப்படிப்பட்டவள் ஆடி என்றால் பால் காய்ச்சாத மாதம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டாள். மண் இருக்கிறவனுக்கு ஆடி என்றால் என்ன என்பது இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு மறந்தே போயிருந்தது. மலைக்காரர்களுக்கு ஒரு துண்டாவது மண் இருக்கிறது. அவளைப் போல மனைக்கணக்கில் அவர்கள் மாதத்தை எண்ணுவதில்லை. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, அடித்துக்கொள்ளவும் செய்தாள்.

மலைக்குப் போய்க் கையைக் காலைப் பிடித்தாவது அழைத்து வருவது என்று முடிவு செய்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் சுபஸ்ரீக்குச் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. பத்து மணி வாக்கிலும் மதியத்திலும் வந்து சடையனைப் புரட்டிப் போடச் சொல்லிச் சின்னப்பொண்ணிடம் சாவியைக் கொடுத்தாள்.

"போய்ட்டு வா. நான் பாத்துக்க மாட்டனா?" என்றாள் சின்னப்பொண்ணு.

முன்பானால் சாவி கொடுக்கிற வேலையே கிடையாது. கதவு திறந்து கிடக்கும், போகிற வருகிறவள் எல்லாம் எட்டிப் பார்ப்பாள், எவளாவது ஒருத்தி புரட்டிப் போட்டு ஒரு வாய்த் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போவாள். இப்போது வலப்பக்கம் ஒரு மதில், இடப்பக்கம் ஒரு மதில். சடையன் கத்தினால் நாய்தான் பதில் குரைக்கும்.

ஆறு மணி பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டியது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெள்ளிமலையில் இறங்கி, கேட்டுக் கேட்டு நான்கு கிலோமீட்டர் நடந்தாள். பாதை எல்லாம் செம்மண் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. செல்லியம்மாளின் நிலம் ஒரு சரிவில் இருந்தது. இருசப்பன் மாடு ஓட்டிக்கொண்டிருந்தான், செல்லியம்மாள் மடியில் சாமையைக் கட்டிக்கொண்டு வீசி வீசி விதைத்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் செங்கல் சுமக்கும்போது கூனிக் கிடக்கிற பெண்பிள்ளை, இங்கே நிமிர்ந்து நடந்தாள்.

"யக்கா, நீயா? இன்னாக்கா இவ்ளோ தூரம்?"

"உன்னத்தான் தேடிக்கினு வந்தேன் செல்லி."

விதைப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். பசி, கலையரசி வாரி வாரித் தின்றாள். தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். பத்து, ஆகஸ்ட் ஒன்று, பஸ், சடையன் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"பாப்பாவ அனுப்பறேன்க்கா. திங்கக்கெழம எங்க வூட்டுக்காரு வந்துருவாரு, அவரு கூட வரட்டும். ஆவணி வரைக்கும் எப்டியும் காவல் இருக்கணும்."

"தம்பி?"

செல்லியம்மாள் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அவன வெள்ளிமலையில ஆஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம்க்கா. நேத்துதான் வார்டன் பேரு எழுதிக்கினாரு. அங்கயே சோறு, அங்கயே படுக்கை."

"ஒண்ணாந்தேதிக்கு அப்பறம் சேக்கலாமே தாயி. பத்து நாளுதானே?"

"எடம் ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப உட்டா வேற ஆள் சேந்துடும்." அவள் கலையரசியின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "அஞ்சு வூடு கட்டிட்டோம்க்கா. அஞ்சு வூட்டுக்கு அஞ்சு பள்ளிக்கூடம். ஒவ்வொரு எடத்துலயும் ஆனா ஆவன்னாவுலருந்து ஆரம்பிக்கறான். அவனுக்கு இன்னும் படிக்க வரல. ஒரே எடத்துல இருந்தாத்தான் படிப்பு வரும்னு உங்க டீச்சருதான் சொன்னாங்க."

அதற்கு மேல் கலையரசி என்ன கேட்பாள்? கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டும்விட்டாள். ஆனால் செல்லியம்மாளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதை மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க பாப்பாவும் நாலாவதுதானே. அது அங்க படிக்கலியா?"

கலையரசி எழுந்துபோய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

பஸ் தாமதமாகத்தான் வந்தது. அவள் மில் தெருவில் நுழையும்போது மணி ஐந்தரை. அவளுடைய வீட்டு வாசலில் மகளின் ஷூ ஒன்று இங்கும் ஒன்று அங்கும் கிடந்தது. சுபஸ்ரீ எப்போதும் ஜோடியாக வைக்கிற பிள்ளை.

உள்ளே போனபோது சுபஸ்ரீ யூனிபார்ம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கையில் ஈரத்துணி. பாயெல்லாம் மூத்திர நாற்றம். சடையனின் இடுப்பில் பழைய புண் இருந்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. சிவப்பு எறும்பு. பிள்ளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வாயால் ஊதி ஊதி எடுத்தாள், ஊதினால் எரியுமோ என்று மெதுவாக ஊதினாள், அந்த இடத்தில் அவனுக்கு எதுவுமே தெரியாது என்பது அவளுக்கு ஞாபகத்தில் இல்லை.

சின்னப்பொண்ணைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அவள் வேலை செய்கிற வீட்டில் திடீரென்று பெண் பார்க்க வந்துவிட்டார்கள், பதினைந்து பேருக்குச் சமையல், அவளைக் கேட்டுக்கு வெளியே விடவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தபடியே இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சுபஸ்ரீதான் அந்த வீட்டு கேட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறாள். அன்று மாலை சின்னப்பொண்ணு வந்து கலையரசியின் காலில் விழப் போனாள்.

"நடுவுல எழுந்து வந்தா என்ன வேலைய உட்டு நிறுத்திடுவாங்கம்மே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டுக் கலையரசி புருஷனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். சுபஸ்ரீ கடைக்குப் போயிருந்தாள்.

"சுவத்துல வரிசையா வந்துக்கினு இருந்துச்சும்மே" என்றான் சடையன். "காலைலருந்து பாத்துக்கினே இருந்தேன். எங்கதான் போவுதுங்கன்னு வேடிக்க பாத்தேன். கடசீல பாத்தா என்கிட்டதான் வந்துக்கினு இருக்குதுங்க."

அவன் சிரித்தான். கலையரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாப்பாவ நம்ம பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு இருக்கறேன்."

சடையன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"இன்னா சொன்ன?"

"ஒன்பது தேறிச்சு. ஒண்ணு கம்மி."

"கம்மின்னா கம்மிதான். மூடட்டும். நீயி பஸ்ஸேறிப் போ. என்ன உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போ."

"நேத்து பூட்டிட்டுத்தான் போனேன்."

"நேத்து மொத நாளு. போவப் போவப் பழகிடும். எறும்புக்கு மஞ்சத் தூளு போட்டுட்டுப் போ." அவன் குரல் இறங்கியது. "கலையரசி, அந்த சீட்ட உட்டா மறுபடி கெடைக்காது. தெரியும் இல்ல?"

"தெரியும்."

"எட்டாவது வரைக்கும் காசு இல்லாம படிக்கும். இங்கிலீஷ்ல பேசுது புள்ள. நேத்து எறும்பு எடுத்துக்கினே எனுக்கு ஏதோ பாட்டு சொல்லிச்சு, ஒண்ணும் புரியல, அவ்ளோ நல்லா இருந்துச்சு. எனுக்காகவா அத நிறுத்துவ? நான் இன்னா இன்னும் அம்பது வருஷம் இருக்கப் போறனா?"

"நீ எத்தினி வருஷம் இருப்பன்னு நான் பாத்துக்கினு இருக்க முடியாதுய்யா."

"அப்ப நான் செத்துட்டா இன்னா பண்ணுவ? சீட்டு திரும்பி வருமா?"

கலையரசி இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயைத் துடைக்கப் போனாள். சடையனால் தானாகத் திருப்ப முடிந்தது தலை ஒன்றைத்தான். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜூலை மாதத்தின் கடைசி நாள் அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஏன் என்று கேட்பார்கள், யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வார்கள், ஒரு நாள் அலையவிடுவார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அலையவிட்டால் மனம் மாறிவிடலாம் என்ற ஆசையும் உள்ளுக்குள் எங்கோ இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது.

"ஃப்ரீ சீட்டா?"

"ஆமாங்க."

"இங்க கையெழுத்துப் போடுங்க. இங்கயும் ஒண்ணு."

பத்தே நிமிஷத்தில் டிசி அவள் கைக்கு வந்துவிட்டது. ஆறு வருஷப் படிப்பு, ஒரே ஒரு தாள், இன்னும் சூடாக இருந்தது. சுபஸ்ரீயின் கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார்கள். பெல்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சுபஸ்ரீயிடம் கலையரசி எதையும் சொல்லி வைக்கவில்லை, சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. வருகிற வழியில், "நாளைக்கி வேன் அண்ணன்கிட்ட வரவேணாம்னு சொல்லிடும்மா, சும்மா வந்து ஆரன் அடிச்சிக்கினு இருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். கலையரசி நடுரோட்டில் நின்று அழுதாள். பிள்ளைதான் அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒரே அறையில் ஐந்து வகுப்பும் உட்கார்ந்திருந்தது. பேரை வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் எழுந்து நின்றன. தேதியும் நேரமும் எழுதி, டீச்சரிடம் கையெழுத்து வாங்கினார்.

"பத்து. சரியா இருக்கு. இந்த வருஷம் ஓடும்மா" என்றார். செந்தமிழ்ச்செல்வி டீச்சர் சன்னல் வழியாகச் சமையல்கூடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கலையரசியும் தலையசைத்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் வரவில்லை.

அதிகாரியின் வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அன்புச்செல்வன் கையில் பத்திரிகையோடு வந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை. டீச்சருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, சமையல்கூடத்துக்கும் வந்து கலையரசியிடம் ஒன்று நீட்டினார்.

"ஆவணி நாலாந்தேதி பால் காய்ச்சறோம்மா. கண்டிப்பா வரணும். அன்னிக்கு நீ சமைக்க வேணாம், பசங்களுக்கு எங்க சாப்பாடுதான். வட பாயசத்தோட அனுப்பிடறேன். மொத்தம் எத்தினி பசங்க?"

"பத்து சார்" என்றாள் கலையரசி.

சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். பால் காய்ச்சிய மறுநாள் செல்லியம்மாளின் தேவதர்ஷினி இருக்காது. தீபாவளிக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் நான்கும் இருக்காது. தெருவில் கல் நட்ட மனை இனி ஒன்றும் மிச்சமில்லை, புதுக் கொட்டகை எதுவும் வரப்போவதில்லை. அடுத்த ஆகஸ்டில் இந்த அறையில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்று யோசித்து, யோசிப்பதை நிறுத்தினாள். பத்திரிகையை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுச் சோற்றைக் கிளறினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் வந்தன. "ஆயா, முட்டை ஒடஞ்சது வேணாம்", "ஆயா, எனுக்கு அடிப்புடிச்சது", "ஆயா, அவனுக்கு மட்டும் ஜாஸ்தி போட்டீங்க." ஒவ்வொரு தட்டிலும் சாம்பார் சோறும் முட்டையும் வைத்து அனுப்பினாள். ஒன்பது தட்டுப் போயிற்று.

பத்தாவது தட்டு அவள் முன்னால் நீண்டது. புதுத் தட்டு. டீச்சர் அன்று காலையில்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். பழைய பள்ளிக்கூடத்துச் சட்டையையே போட்டுக்கொண்டு சுபஸ்ரீ நின்றாள், பாக்கெட்டில் இருந்த பேட்ஜைப் பிரித்த இடத்தில் நூல் தொங்கியது. தலையை நிமிர்த்தாமல், முன்னால் போன பிள்ளைகள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேட்டாள்.

"கொஞ்சமா போடுங்க, ஆயா."

கலையரசியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிள்ளை கோபத்தில் சொன்னாளா, இங்கே இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. கொஞ்சமாகத்தான் போட்டாள். உடையாத முட்டையாகப் பார்த்து ஒன்று வைத்தாள்.

பிறகு அண்டாவை மூடிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மணி பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. சடையனைப் புரட்டிப் போட வேண்டும்.